சிறு தோணி தேர்ந்தெடுத்தல்

மீன்பிடிக்கச் சிறு படகொன்று வாங்கப் புறப்படுவோர் பெரும்பாலும் விலையையும் நீளத்தையுமே முதலில் விசாரிக்கின்றனர். அது எந்த நீரில் மிதக்கப்போகின்றது என்னும் கேள்வி பின்னரே எழுகின்றது. சில வேளைகளில் எழுவதேயில்லை. சீனன்குடாப் பகுதியில் இக்கேள்வியைப் பிற்போடுதல் ஆபத்தானது. ஏனெனில் அங்கே சில மைல் தூரத்துக்குள் ஒன்றுக்கொன்று ஒவ்வாத மூன்று வகை நீர் உண்டு.

முதலாவது, திருகோணமலை உட்துறைமுகம். குன்றுகள் சூழ்ந்த இந்நீர்ப்பரப்பில் பேரலை நுழைவதில்லை. ஆழமோ மிக அதிகம். கடலடியில் உள்ள பெரும் பள்ளத்தாக்கு ஒன்று துறைமுகத்தின் வாயில் வரை நீண்டு வந்திருத்தலே அதற்குக் காரணம். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் சீனன்குடாவைத் தாக்கியமைக்கும், ஆங்கிலேயர் அங்கே எண்ணெய்த் தாங்கிகளை நிரைநிரையாகக் கட்டியமைக்கும் அடிப்படை இந்த ஆழமேயாம். இன்று மாவு ஆலைக்கும் சீமெந்து ஆலைக்கும் வரும் பெருங்கப்பல்கள் இந்நீரிலேயே திரும்புகின்றன. கடற்படைக்குரிய எல்லைகளும் இங்கு உண்டு.

இரண்டாவது, தெற்கே பரந்து கிடக்கும் தம்பலகாமம் குடா. இது ஆழமற்றது, அடி பெரும்பாலும் சேறும் சாதாழையுமாம். கண்ணாடிபோல் மெல்லிய தட்டைச் சிப்பிகளுக்கும் அவற்றின் சிறு முத்துக்களுக்கும் ஒருகாலத்திற் பெயர்பெற்றது. இறால், நண்டு, மடவை, ஒட்டி என்பன இக்குடாவின் செல்வம். இதற்கும் வெளியேயுள்ள கொட்டியாரக் குடாவுக்கும் இடையிலான வாயிலின் குறுக்கே, 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளத்துக்குச் செல்கின்றது. திருகோணமலையில் வற்றுப்பெருக்கு அரை மீற்றர் அளவினதே. ஆயினும் குடா முழுவதற்கும் உரிய நீர் அந்த ஒரு வாயிலாற் புகுந்து வெளியேற வேண்டியிருப்பதால், அங்கே ஓட்டம் வலுவாக இருக்கும்.

மூன்றாவது, மகாவலி கங்கை வந்து கலக்கும் கொட்டியாரக் குடா. இது கிழக்கு நோக்கி வாய்திறந்து கடலோடு ஒன்றாகி நிற்பது.

இம்மூன்றிலும் ஒரே படகு ஒரே விதமாக உதவும் என்று எதிர்பார்த்தல் தவறு. இவ்வூர்களின் பழைய தொழிலாளர் அதனை அறிந்தே குடாவுக்கு ஒரு தோணியும் கடலுக்கு வேறொரு வள்ளமும் வைத்திருந்தனர். இரண்டு வைத்திருக்க இயலாத ஏழைத் தொழிலாளிக்கே தேர்வு கடினமாகின்றது. அவன் வாழ்நாளில் ஒருமுறை வாங்குவான். தவறாக வாங்கிவிட்டால், அதன் பலனைக் குடும்பம் முழுவதும் சுமக்கும்.

துடுப்பால் வலிக்கும் சிறு படகைப் பற்றிய பேச்சு அண்மைக்காலத்தில் மீண்டும் எழுந்தமைக்குத் தெளிவான காரணம் உண்டு. இலங்கையின் கண்ணாடியிழை வள்ளங்களிற் பூட்டப்படும் வெளியிணைப்பு இயந்திரங்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுவன. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதாயிற்று. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. இயந்திரத்தை நம்பியவர்கள் கரையில் நிற்க, தோணியும் துடுப்பும் உடையவர்கள் குடாவுக்குள் இறங்கினர். அதே வேளையில், உல்லாசப் பயணிகளுக்காகக் கடற்கரைகளில் வைக்கப்பட்டிருந்த, பளிச்சென்ற நிறமுடைய பிளாஸ்டிக்குக் கயாக்குகள் பலரின் கண்ணிற் பட்டன. இதில் ஏறி மீன்பிடித்தால் என்ன என்ற எண்ணம் இயல்பானதே.

கயாக் என்பது புதிய பண்டமன்று. வடதுருவப் பனிப்பிரதேசத்து இனுவிற் மக்கள், கடலில் மிதந்துவரும் மரத்தாலும் திமிங்கில எலும்பாலும் சட்டம் கட்டி, அதன்மேற் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்துச் செய்த வேட்டைப் படகு அது. ஓட்டுபவனின் உடலளவுக்கு ஏற்ப அதனை அமைப்பர். குளிர்நீர் உள்ளே புகாதவாறு அவன் இடுப்பைச் சுற்றி வாயை மூடிவிடுவர். நம் நாட்டு வெப்பத்துக்கு அவ்வமைப்பு ஒவ்வாது. உடல் படகுக்குள் அடைபட்டிருப்பவன் கவிழ்ந்தால், பயிற்சியில்லாமல் வெளியேறுதல் கடினம். எனவே இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கது, மேலே அமர்ந்து செலுத்தும் மற்றைய வகையே. அதன் உடல் முற்றாக மூடப்பட்ட ஒரு வெற்றுக்கூடு. இருக்கை அதன் மேற்பரப்பில் அமைந்திருக்கும். மேலே விழும் நீர் வடிந்தோட, கூட்டின் குறுக்கே மேலிருந்து கீழ்வரை துளைகள் இருக்கும்.

இத்துளைகளே வாங்குவோனுக்கு ஒரு பாடமாகின்றன. மூன்றரை மீற்றர் நீளமுள்ள ஒரு கயாக் நீரைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 1.4 சதுர மீற்றர் என்று கொள்வோமாயின், 14 கிலோ எடை ஏறுந்தோறும் அது ஒரு சென்ரிமீற்றர் அமிழும். 65 கிலோ எடையுள்ள ஒருவர், 10 கிலோ வலையும் தூண்டிலும், 25 கிலோ மீனும் பனிக்கட்டியும் ஆக 100 கிலோ ஏற்றினால் ஏழு சென்ரிமீற்றர் தாழும். இருக்கை நீர்மட்டத்துக்கு மேலே சில சென்ரிமீற்றர் உயரத்திலேயே அமைந்திருப்பதால், அளவுக்கு மேற் சுமை ஏற்றியதும் நீரை வடிக்க வேண்டிய துளைகள் வழியாகவே நீர் மேலே வரத் தொடங்கும். விற்போர் 180 கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தால், அது மூழ்காமல் மிதக்கும் எல்லையேயன்றி நன்றாக ஓடும் எல்லையன்று. அதில் மூன்றில் இரண்டு பங்கையே, அதாவது 120 கிலோவையே, தொழிலுக்குரிய சுமையாகக் கொள்ளுதல் அனுபவசாலிகளின் கணக்கு. மீன் நிறையப்பட்ட நாளில் திரும்பி வருவதையும் சேர்த்தே இக்கணக்கைப் போடவேண்டும். வெறும் படகிற் புறப்பட்டபோது கண்ட நிதானம் அப்போது இராது.

அடுத்தது அகலம். நீளமும் சுமையும் மாறாதிருக்க அகலத்தை மட்டும் கூட்டினால், சாய்ந்த படகு நிமிரும் ஆற்றல் அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கின்றது. இரு மடங்கு அகலம் ஏறத்தாழ எட்டு மடங்கு நிமிர்வலிமை தரும். 60 சென்ரிமீற்றர் அகலமுள்ள ஒடுங்கிய கயாக் விரைவாக ஓடும். ஆனால் தூண்டிலில் ஒரு பாரை சிக்கிப் பக்கவாட்டில் இழுத்தால், பழக்கமில்லாதவனை நீரில் தள்ளிவிடும். மீன்பிடிக்க 75 முதல் 85 சென்ரிமீற்றர் வரை அகலம் வேண்டும். அதற்காக அகலத்தைக் கூட்டிக்கொண்டே போகவும் இயலாது. அகன்ற படகைத் தனியொருவர் காற்றை எதிர்த்து வலித்தல் அரிது.

இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள முரணை நம் முன்னோர் தீர்த்த விதம் வியக்கத்தக்கது. இலங்கைக் கரைகளில் ‘ஓரு’ என வழங்கும் படகின் உடல் மிக ஒடுங்கியது. ஒரே மரத்தைக் குடைந்து, மேலே பலகையை கயிற்றாற் பிணைத்தது. அதன் ஒரு பக்கத்தில், இரண்டு வளைந்த கழிகளின் முனையில் ஒரு மிதவைக் கட்டை நீரைத் தொட்டு நிற்கும். உடல் ஒடுக்கமாதலால் வேகம் குறையாது; மிதவை எட்ட நிற்பதால் அகன்ற படகின் உறுதி கிடைக்கும். உரோமானிய அறிஞர் பிளினி, கி. பி. முதலாம் நூற்றாண்டிலேயே, தப்ரபேன் தீவை அடுத்த கடலில் ஓடும் மரக்கலங்களுக்கு இரு முனையிலும் அணியம் உண்டு என்று எழுதிவைத்தார். தம்பலகாமத்துச் சிப்பிகளை ஆராய்ந்தவரும், பின்னர்ச் சென்னை மாகாணத்தின் மீன்துறைக்குத் தலைமை தாங்கியவருமான ஜேம்ஸ் ஹோர்னெல், இந்திய இலங்கைக் கரைகளின் படகுகளை ஒவ்வொன்றாக விவரித்துப் பல கட்டுரைகள் எழுதினார். இன்று கயாக்கு விற்போர், நின்றபடி மீன்பிடிக்கவென்று இரு பக்கமும் சிறு மிதவைகளைப் பூட்டித் தனி விலைக்குக் கொடுக்கின்றனர். ஓரு கட்டியவர் இதைக் கண்டாற் சிரித்திருப்பார்.

எந்தத் தொழிலுக்கு எது ஏற்றது என்பதிலும் தெளிவு வேண்டும். வீச்சுவலை வீசுபவர் நின்றுதான் வீசவேண்டும். வலையை முழங்கையிலும் தோளிலும் ஏந்தி உடலைச் சுழற்றவேண்டும். தம்பலகாமம் குடாவின் ஆழமற்ற நீரில், கம்பை ஊன்றித் தள்ளிச் செல்லும் தட்டையான அடியுள்ள தோணியே அதற்குத் தகுந்தது. கயாக்கின்மேல் நின்று வலை வீசலாமென்று விளம்பரங்கள் காட்டுவது குளத்துக்குப் பொருந்தலாம். நீள வலை விடுபவருக்கும் தோணியே நல்லது. நனைந்த வலையை ஒரு பக்கத்தால் இழுத்தேற்றும்போது பாரம் முழுவதும் அப்பக்கமே வந்து குவியும். கைத்தூண்டில் போடுபவர், நண்டுக் கூடு வைப்பவர், அதிகாலையிற் சென்று வெயிலேறுமுன் திரும்புபவர் ஆகியோருக்குக் கயாக் உண்மையாகவே உதவும். அதன் எடை முப்பது கிலோ அளவே. ஒருவர் அல்லது இருவர் தூக்கிச் சென்று, சேறான எந்தக் கரையிலும் இறக்கலாம், இயந்திரம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம்.

பொருளின் தன்மையும் பார்க்கத்தக்கது. மரத்தோணி, துளைக்கும் கடற்புழுவுக்கு இரையாகும். காலந்தோறும் கரையேற்றி உலர்த்தி எண்ணெய் பூச வேண்டும். ஆனால் எந்தத் தச்சனும் அதைப் பழுதுபார்ப்பான். கண்ணாடியிழை உடைந்தாலும் ஒட்டிச் சீர்செய்யலாம். காரைநகரில் நோர்வே நாட்டின் உதவியோடு தொடங்கிய சீநோர் தொழிற்சாலைக் காலந்தொட்டு வட கிழக்கில் அக்கைவேலை பரவியிருக்கின்றது. கயாக்கின் பிளாஸ்டிக்குப் பாறையில் மோதினாலும் எளிதில் உடையாது. எனினும் பசை அதன்மேற் பிடிக்காது. வெடித்தால் சூடாக்கி உருக்கியே ஒட்டவேண்டும். நீண்டகாலம் வெயில் பட்டால் நொய்ந்துபோகும். கிடுகுக் கொட்டில் நிழலிற் கவிழ்த்து வைப்பவரிடம் அது பல்லாண்டு உழைக்கும். பழைய கயாக்கை வாங்குவோர், அதைத் தூக்கிக் குலுக்கி உள்ளே நீர் அசையும் ஓசை கேட்கின்றதா என்று பார்த்தல் நன்று. கூட்டுக்குள் தேங்கும் நீர், படகு சாயும் பக்கமே ஓடி மேலும் சாய்க்கும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கிழக்குக் கரையின் படகுகளை வாரிச் சென்றபின், நல்லெண்ணத்தோடு பலர் புதிய படகுகளை வழங்கினர். அவற்றுட் சில, கடலுக்குத் தகாதவாறு மெல்லியனவாகக் கட்டப்பட்டவை. கரையின் இயல்பையோ அங்கு நடக்கும் தொழிலின் முறையையோ கேட்டறியாமல் அமைக்கப்பட்டவை. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் இக்குறையைச் சுட்டிக் காட்டியது. இலவசமாக வந்த படகையும் ஆராய்ந்தே ஏற்கவேண்டும் என்பதை அக்காலத்துத் தொழிலாளர் நேரிற் கண்டனர்.

இனிக் காற்று. வாடை வீசும் மாதங்களில், சிறப்பாக நவம்பர் முதல் பெப்ருவரி வரை, கொட்டியாரக் குடாவின் அலை எவருக்கும் கண்ணாலேயே எச்சரிக்கை தரும். சிறு படகோடு இறங்க யாரும் துணியார். வஞ்சகமானது கச்சான். சோழகப் பருவத்திலே, மலைகளைக் கடந்து வறண்டு சூடாகி மேற்கிலிருந்து வரும் இக்காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகின்றது. கரையருகே நீர் கண்ணாடிபோற் கிடக்கும். ஏனெனில் அலை வளர்வதற்குக் காற்று நீரின்மேல் நெடுந்தூரம் ஓடவேண்டும், கரையோரத்தில் அத்தூரம் இல்லை. துடுப்பை மெல்ல அசைத்தாலே படகு பறக்கும். செல்பவர் தம் கைவலிமையென்று மகிழ்வார். திரும்பும்போதுதான், எதிரே அலையும் உயர்ந்து, காற்றும் முகத்தில் அறைந்து, கரை நெருங்காமலே நிற்பதை உணர்வார். உட்துறைமுகத்தில் இவ்வாறு அகப்பட்டவர் எதிர்க்கரையில் ஒதுங்கலாம். கொட்டியாரக் குடாவில் அகப்பட்டவருக்கு முன்னே இருப்பது வங்கக்கடல்.

ஆகையால் கயாக் வாங்குவோர் குடாவுக்கும் உட்துறைமுக ஓரத்துக்குமே அதனை வைத்துக்கொள்ளுதல் தகும். கச்சான் காலத்திற் செல்லும்போது காற்றை எதிர்த்துச் செல்லவும், வரும்போது அதன் துணையோடு வரவும் தொழிலிடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீண்ட படகு காற்றில் நேரே ஓடும். குட்டையானது அணியத்தை அங்குமிங்கும் திருப்பிக்கொண்டிருக்கும். மூன்றரை முதல் நான்கு மீற்றர் வரை நீளமுள்ளதை விடுத்து, விலை குறைவென்று இரண்டரை மீற்றர்க் கயாக்கை வாங்கியவர் அவ்வேறுபாட்டைத் தோளில் உணர்வார்.

துணைப்பொருள்களைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. உயிர்காப்பு அங்கி காலடியிற் கிடக்காமல் உடலில் இருக்கவேண்டும். துடுப்பைக் கயிற்றாற் படகோடு பிணைக்கவேண்டும். நங்கூரக் கயிற்றை அணியத்திலோ பின்முனையிலோ கட்டவேண்டும். நடுப்பக்கத்திற் கட்டினால், கிண்ணியா வாயில் போன்ற ஓட்டத்திற் படகு குறுக்கே நின்று புரளும். நிறம் மஞ்சளோ செம்மஞ்சளோ ஆதல் நலம். நீர்மட்டத்தோடு ஒட்டிச் செல்லும் இச்சிறு கலம், உயர்ந்த கப்பலின் மேற்றளத்தில் நிற்பவருக்குப் புலப்படுதல் அரிது. மீன்பிடிப் படகுகள் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்துக்கு உட்பட்டவை. பணம் கொடுக்குமுன் கடற்றொழில் அலுவலகத்திற் பதிவு பற்றியும், துறைமுகத்தில் எல்லை பற்றியும் கேட்டுக்கொள்வது பின்வரும் அலைச்சலைத் தவிர்க்கும்.

வாங்குவதற்கு முன் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. நெஞ்சளவு நீரில், வழக்கமாக ஏற்றும் சுமைக்கு நிகரான மணல்மூட்டையோடு ஏறி அமர்ந்து பார்த்தபின், மூட்டையை இறக்கிவிட்டு, படகை வேண்டுமென்றே கவிழ்க்க வேண்டும். பின்பு, கால் நிலத்தில் ஊன்றாமல், நீரில் மிதந்தவாறே அதை நிமிர்த்தி வயிற்றால் ஏறிப் படுத்து, மெல்லத் திரும்பி அமர வேண்டும். மும்முறை முயன்றும் ஏற இயலாதவர், வேறொரு படகைப் பார்ப்பதே நல்லது. விற்பவர் இச்சோதனைக்கு இணங்காவிட்டால் வேறொரு கடையைப் பார்க்கலாம்.