அழுங்கும் முள்ளம்பன்றியும்

மரவள்ளித் தோட்டத்தில் ஒரே இரவிற் பல செடிகள் தோண்டப்பட்டுக் கிடந்தால், சில கமக்காரர் அயலிலுள்ள வளையைத் தேடிச் சென்று புகையூட்டுவர். உள்ளே இருப்பது முள்ளம்பன்றியா, அழுங்கா என்பதை முதலில் அறிதல் வேண்டும். முன்னையது பயிரைத் தின்பது. பின்னையது பயிரைக் கெடுக்கும் கறையானைத் தின்பது.

இரண்டும் பகலில் வளையில் உறங்கி இரவில் இரைதேடுவன. அழுங்கின் செதிலும் முள்ளம்பன்றியின் முள்ளும் மனிதரின் நகத்திலுள்ள கெரற்றின் என்னும் பொருளாலானவையே. எனினும் இவை நெருங்கிய உறவினமல்ல. முள்ளம்பன்றி எலி, அணில் ஆகியவற்றைப் போன்ற கொறிக்கும் விலங்கு. பன்றி என்பது பெயரளவில் மட்டுமே. அழுங்கோ பூனை, நாய் முதலிய ஊனுண்ணிகளுக்கே கிட்டிய இனம். அதற்குப் பற்களில்லை. பசைத்தன்மையுள்ள நீண்ட நாக்கினால் எறும்பையும் கறையானையும் நக்கி உண்ணும். கிழங்கையோ தென்னங்குருத்தையோ அது தீண்டுவதில்லை.

வளைவாயிலிற் கழன்ற முட்களும் கொறித்த எலும்புத் துண்டுகளும் கிடப்பின் அது முள்ளம்பன்றியின் வளையென்று கொள்ளலாம். அழுங்கு உள்ளே இருக்கும்போது வாயிலைத் தளர்ந்த மண்ணால் அடைத்துக்கொள்ளும். அயலிற் கறையான் புற்றுகள் நகத்தாற் கிழிக்கப்பட்டிருக்கும்.

முள்ளம்பன்றி முள்ளை எய்யும் என்பது கட்டுக்கதை. அது பின்னோக்கிப் பாய்ந்து எதிரியைக் குத்துகின்றது. அழுங்கு பந்துபோற் சுருண்டுகொள்ளும். சிறுத்தையின் பல்லுக்கும் எளிதில் இடங்கொடாத இவ்வுபாயம் மனிதரிடம் பலிப்பதில்லை. சாக்கிலிட்டுத் தூக்கிச் செல்ல அதுவே வசதியாகின்றது. இறைச்சிக்காகவும், செதில் மருந்தாகும் என்னும் ஆதாரமற்ற நம்பிக்கையாலும் அழுங்குகள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டன. பெரும்பாலும் ஓர் ஈற்றில் ஒரு குட்டியே ஈனுவதால் அவ்விழப்பு எளிதில் ஈடாவதில்லை. முள்ளம்பன்றி ஓர் ஈற்றில் நான்கு குட்டிகள் வரையும் ஈனும்.

ஆதலால் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் முள்ளம்பன்றியைக் கவலை குறைந்த இனமாகவும், இலங்கையிலும் இந்தியாவிலும் வாழும் அழுங்கை அழிவாபத்திலுள்ள இனமாகவும் வகுத்துள்ளது. 2016ஆம் ஆண்டில் ஜொகன்னஸ்பேர்க் நகரிற் கூடிய மாநாடு, உலகிலுள்ள 8 வகை அழுங்குகளையும் நாடுகளுக்கிடையே வணிகஞ் செய்வதைத் தடுக்கத் தீர்மானித்தது. இலங்கையில், பின்னர் திருத்தப்பட்டுவந்த 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அழுங்கைக் கொல்லுதல் குற்றமாகும்.

முள்ளம்பன்றியைத் தடுக்கத் தென்னங்கன்றைச் சுற்றிக் கம்பிவலை அடித்து, அதன் அடிப்பாகத்தை ஓரடிக்குக் குறையாமல் மண்ணிற் புதைத்தல் வேண்டும். மேலோட்டமான வேலியின் கீழ் அது தோண்டிப் புகுந்துவிடும். வேலியோரத்திற் புற்றைக் கிழிக்கும் அழுங்கைக் கண்டால், நாயைக் கட்டிவைத்தாற் போதும். அது தன் வழியே சென்றுவிடும்.