முதுமையடைந்த பூனையின் நோயும் அச்சமும்

கொச்சி நகரின் மேற்குப் பகுதியில், மட்டாஞ்சேரியை அடுத்து, காயலோரமாக அமைந்திருப்பது தோப்பும்படி. இங்குள்ள மீன்பிடித் துறைமுகத்தில் நாள்தோறும் மீன் வந்திறங்குகின்றது. அண்மையிலுள்ள மட்டாஞ்சேரியோ மிளகு, சுக்கு முதலிய சரக்குகளைச் சேமிக்கும் கிடங்குகளுக்குப் பெயர் பெற்றது. மீன் இறங்கும் துறையும், எலிகளை ஈர்க்கும் கிடங்கும் உள்ள இடத்தில் பூனை இருப்பது இயற்கையே. துறைமுக நகரங்களில் பூனையும் மனிதனும் கூடி வாழ்வது பழைய வழக்கம்.

தெருவிலும் கிடங்கிலும் திரியும் பூனை முதுமை எய்துவது அரிது. ஆனால் வீட்டில் வளர்க்கப்பட்டு, தடுப்பூசியும் ஒழுங்கான உணவும் பெறும் பூனை பதினைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழக்கூடும். பத்து வயதைக் கடந்த பூனையை முதியது என்று கொள்ளலாம். அப்பருவத்தில் சிறுநீரகக் கோளாறு, தைராய்டு சுரப்பியின் மிகைச் செயல், நீரிழிவு, பல்நோய், மூட்டுத் தேய்வு ஆகியன தோன்றுகின்றன. இவற்றுட் பல, காலத்தில் அறியப்பட்டால் கட்டுப்படுத்தத் தக்கவை. எனினும், கூடையைக் கண்டவுடன் கட்டிலுக்கடியில் ஒளிந்து, மருத்துவரின் மேசையில் சீறிக் கீறும் பூனையை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வீட்டார் தயங்குவர். அத்தயக்கத்தில் கழியும் வாரங்களே பல வேளைகளில் சிகிச்சை பலனளிக்கக்கூடிய வாரங்களாகும். இந்த அச்சத்தின் இயல்பு யாது, அதனால் விளையும் தீங்கினை எவ்வாறு குறைக்கலாம் என்பவற்றைக் கீழே காண்போம்.

நோயை மறைக்கும் இயல்பு

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கா, மேற்காசியா ஆகிய நிலப்பரப்புகளில் வாழ்ந்த காட்டுப் பூனையாகும். அது தனித்து வேட்டையாடும் விலங்கு. அதே வேளையில், தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு இரையாகக்கூடிய சிறிய விலங்குமாகும். துணைக்கு வரக் கூட்டம் இல்லாத இத்தகைய உயிர் தன் பலவீனத்தை வெளிக்காட்டினால் அழிவுக்கு உள்ளாகும். ஆகவே வலியையும் தளர்ச்சியையும் மறைக்கும் பழக்கம் பூனையினத்தில் ஊன்றிவிட்டது. மூட்டு வலியுள்ள நாய் நொண்டிக் காட்டும். மூட்டு வலியுள்ள பூனையோ உயரமான இடத்திற்குத் தாவுவதை மட்டும் நிறுத்திக்கொள்ளும். வீட்டார் அதனை வயதின் சோம்பல் என்று கருதிவிடுவர். 2002-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பன்னிரண்டு வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் 90 பூனைகளில் மூட்டுத் தேய்வின் அடையாளங்கள் காணப்பட்டன.

சிறுநீரகத்தின் நிலையும் இத்தகையதே. சிறுநீரைச் செறிவாக்கும் ஆற்றல் குன்றுவது, சிறுநீரகத்தின் செயற்பகுதியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இழக்கப்பட்ட பின்னரே. இரத்தத்தில் கழிவுப் பொருள்கள் மிகுவது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இழக்கப்பட்ட பின்னராகும். எனவே வெளிப்படையாக நோயுற்றதாகத் தோன்றும் பூனை, பெரும்பாலும் நெடுநாளாகவே நோயுற்றிருந்த பூனையாகும்.

அச்சம் அளவுகளைத் திரிக்கும் விதம்

பூனை தன் இருப்பிடத்தை முகர்ந்தே அடையாளம் காண்கின்றது. கன்னத்தைத் தேய்த்துத் தன் மணத்தைப் பதித்த இடமே அதற்குப் பாதுகாப்பான இடம். மருத்துவமனையிலோ நாய்களின் வாடையும், கிருமிநாசினியின் நெடியும், அஞ்சிய பிற பூனைகள் விட்டுச் சென்ற மணமும் நிறைந்திருக்கின்றன. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியையே கேட்கும். பூனையின் செவி 80,000 ஹெர்ட்ஸுக்கும் மேற்பட்ட ஒலியையும் கேட்கவல்லது. ஆகவே, தோப்பும்படியிலிருந்து பாலங்களைக் கடந்து எறணாகுளம் நோக்கிச் செல்லும் ஓர் ஆட்டோ ரிக்ஷா பயணம், மனிதன் உணர்வதைக் காட்டிலும் அதற்கு மிகக் கொடியதாக இருக்கும் என்பதை ஊகிக்கலாம். பூனையின் எதிர்ப்பு பிடிவாதமன்று. தப்பிக்க வழியற்ற உயிரின் தற்காப்பேயாகும்.

இவ்வச்சம் பூனையைத் துன்புறுத்துவதுடன் நிற்பதில்லை; மருத்துவரின் கணிப்பையும் குழப்புகின்றது. அஞ்சிய பூனையின் இதயம் விரைந்து துடிக்கின்றது, மூச்சு மிகுகின்றது, இரத்த அழுத்தம் உயர்கின்றது. இரத்தத்தில் சர்க்கரையின் அளவுகூட நீரிழிவு என்று ஐயுறும் அளவுக்கு ஏறிவிடலாம். இக்காரணத்தால், சர்க்கரை மிகுந்திருப்பதாக ஒரு முறை கண்டவுடன் மருத்துவர்கள் நீரிழிவு என்று முடிவு கட்டுவதில்லை. முந்தைய ஓரிரு வாரங்களின் சராசரி நிலையைக் காட்டும் பிரக்டோசமைன் என்னும் சோதனையையும், சிறுநீர்ச் சோதனையையும் துணைக்கொள்கின்றனர். வீட்டில், அமைதியான வேளையில் எடுத்த குறிப்புகள் மருத்துவருக்கு எத்துணை மதிப்புடையன என்பது இதனால் விளங்கும்.

வீட்டில் எடுக்க வேண்டிய அளவுகள்

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை; ஒரு தராசும், அளவுக் குவளையும், கடிகாரமும், குறிப்பேடும் போதும்.

எடை: வாரம் ஒரு முறை, ஒரே தராசில் நிறுக்க வேண்டும். குழந்தைகளை நிறுக்கும் தராசோ கடைத் தராசோ பொருத்தமானது. 4 கிலோ எடையுள்ள பூனை 200 கிராம் இழப்பது, 60 கிலோ எடையுள்ள மனிதர் 3 கிலோ இழப்பதற்கு ஒப்பாகும். இவ்விழப்பு கண்ணுக்குப் புலப்படாது, தராசுக்கே புலப்படும். நன்றாக உண்டும் எடை குறைந்தால் தைராய்டு மிகைச் செயலையோ நீரிழிவையோ ஐயுற வேண்டும்.

தண்ணீர்: காலையில் அளந்து வைத்து, மறுநாட் காலையில் எஞ்சியதை அளந்து கழிக்க வேண்டும். நாளொன்றுக்கு, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 50 மில்லிலிட்டருக்கு மேல் தொடர்ந்து குடித்தால் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். 100 மில்லிலிட்டரைக் கடந்தால் அது நோய்க்குறி என்பதில் ஐயமில்லை.

மூச்சு: பூனை நன்கு உறங்கும்போது மார்பு உயர்ந்து தாழ்வதை ஒரு மூச்சாகக் கொண்டு, ஒரு நிமிடம் எண்ண வேண்டும். நிமிடத்திற்கு 30-க்கு மேற்பட்ட எண்ணிக்கை மீண்டும் மீண்டும் காணப்பட்டால் இதயத்தையும் நுரையீரலையும் சோதிப்பது அவசியம்.

இவற்றுடன் உண்ட அளவு, வாந்தி, மலசலம் கழித்த விவரம் ஆகியவற்றையும் குறிக்கலாம். நடை, தாவுதல், மூச்சு விடுதல் ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுத்துக் காட்டுவதும் நன்று. மேசையின்மேல் உறைந்து கிடக்கும் பூனை இவற்றைக் காட்டாது. மலசலத் தட்டில் மணலுக்குப் பதிலாக, நீரை உறிஞ்சாத, நன்கு கழுவி உலர்த்திய சிறு கற்களைப் பரப்பினால், சிறுநீரை எடுத்துச் சுத்தமான புட்டியில் அன்றே சோதனைக்கு அனுப்பலாம்.

மீனும் முதிய பூனையும்

மீன் மலிவாகக் கிடைக்கும் ஊரில் பூனைக்கு மீனே உணவு என்னும் எண்ணம் வேரூன்றியிருப்பது வியப்பன்று. ஆயினும் இதில் கவனிக்க வேண்டியவை மூன்று உள. முதலாவது, சில வகைப் பச்சை மீன்களில் தயாமினேஸ் என்னும் நொதி உண்டு. இது வைட்டமின் பி1 எனப்படும் தயாமினை அழித்துவிடும். அக்குறையால் பூனை தள்ளாடி, தலை சாய்ந்து, வலிப்பும் காணக்கூடும். இந்நொதி வெப்பத்தால் அழிவதால், மீனை வேகவைத்தே கொடுக்க வேண்டும். இரண்டாவது, கொழுப்பு மிகுந்த மீனை மட்டுமே நெடுநாள் உண்ணும் பூனைக்கு வைட்டமின் ஈ குறைந்து, தோலடிக் கொழுப்பு அழற்சியுற்று, தொட்டாலே வலிக்கும் நோய் உண்டாகலாம். மூன்றாவது, முதுமைக்கு நேராக உரியது. மீனின் தலையிலும் முள்ளிலும் பாஸ்பரஸ் மிகுதி. தளர்ந்த சிறுநீரகத்தால் அதனை வெளியேற்ற இயலாமையால் நோய் விரைந்து முற்றுகின்றது. சிறுநீரக நோயுள்ள பூனைக்குத் தலையும் முள்ளும் நீக்கி, உப்பும் மசாலாவும் சேர்க்காத உணவை, மருத்துவர் கூறும் அளவில் அளிக்க வேண்டும். கருவாடு அறவே ஆகாது. உணவை ஒரே நாளில் மாற்றாமல், பழைய உணவுடன் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுவது நலம். ஏனெனில் மாற்றத்தை வெறுத்துப் பட்டினி கிடக்கும் பூனையின் ஈரலில் சில நாட்களுக்குள் கொழுப்பு படிந்து, உயிருக்கே ஆபத்து நேரலாம்.

கூடையைப் பழக்குதல்

பயணத்தன்று மட்டும் பரணிலிருந்து இறக்கப்படும் கூடை, பூனைக்குத் துன்பத்தின் அடையாளமாகிவிடுகின்றது. ஆகவே கூடை வீட்டில் எப்போதும் திறந்தே கிடக்க வேண்டும். மேற்பகுதியைத் தனியே கழற்றக்கூடிய கூடையே சிறந்தது. அதனுள் பூனை படுத்துப் பழகிய துணியை விரித்து, முதலில் அருகிலும், பின்னர் உள்ளேயும் உணவிட வேண்டும். தானே நுழையத் தொடங்கிய பின் கதவைச் சில விநாடிகள் மூடித் திறக்கலாம். பிறகு தூக்கி வீட்டிற்குள் நடக்கலாம். பின்னர் நிற்கும் வண்டியில் சிறிது நேரம் வைத்துத் திரும்பலாம். ஒவ்வொரு படியிலும் பூனை அஞ்சினால் முந்தைய படிக்கு மீள வேண்டும். 2018-இல் ஆஸ்திரியாவில் 22 பூனைகளைக் கொண்டு நடந்த சோதனையில், இவ்வாறு பழக்கப்பட்டவை பழக்கப்படாதவற்றைவிடக் குறைந்த கலக்கத்துடன் பயணம் செய்தன.

ஏற்கெனவே நோயுற்ற பூனைக்கு இத்துணைக் காலம் காத்திருக்க இயலாது. அப்போது, வீட்டிற்கு வந்து பார்க்கும் மருத்துவர் உண்டா என்று முதலில் விசாரிக்க வேண்டும். இல்லையெனில், புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்னதாகக் கொடுக்கத்தக்க அமைதி மருந்தை மருத்துவர் குறித்துத் தரலாம். கபாபென்டின் இவ்வகையில் இப்போது பரவலாக உபயோகிக்கப்படுகின்றது. சிறுநீரக நோய் இருப்பின் அதன் அளவு குறைக்கப்பட வேண்டும் ஆதலால், தாமாகவே கொடுத்தல் கூடாது. கூடையைத் துணியால் மூடி, ஆட்டம் காணாதபடி பிடித்துச் செல்லுதலும், கூட்டமற்ற நேரத்தைக் கேட்டுப் பெறுதலும், காத்திருக்கும் இடத்தில் கூடையைத் தரையில் வைக்காமல் நாய்களுக்கு எட்டாத உயரத்தில் வைத்தலும் எளிய உதவிகளாகும். கூடையின் மேற்பகுதியைக் கழற்றி, பூனை அடிப்பகுதியிலேயே அமர்ந்திருக்கச் சோதிக்குமாறு மருத்துவரை வேண்டலாம். பிடரியைப் பற்றித் தூக்கி அடக்கும் முறையைத் தவிர்க்குமாறு 2022-இல் வெளியான பன்னாட்டுப் பூனை மருத்துவ வழிகாட்டுதல் கூறுகின்றது.

மருந்தில் எச்சரிக்கை

காய்ச்சலுக்கு மனிதர் உட்கொள்ளும் பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சாகும். அதனை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே உயிரைப் போக்கப் போதுமானது. நாயின் உண்ணிக்குப் பூசும் பெர்மெத்ரின் கலந்த மருந்தும் அவ்வாறே. மாத்திரை கொடுத்த பின் சிறிது நீரையோ உணவையோ அளிக்க வேண்டும். உலர்ந்த மாத்திரை உணவுக்குழலில் தங்கிப் புண்ணாக்கும். டாக்சிசைக்ளின் இதில் குறிப்பாக அபாயமானது. சிறுநீரக நோயில் தோலடியில் திரவம் ஏற்றும் முறையை மருத்துவரிடம் கற்று வீட்டிலேயே செய்தால் பல பயணங்களைத் தவிர்க்கலாம்.

தாமதம் கூடாத அறிகுறிகள்

மேற்கூறிய பொறுமை எல்லா நிலைகளுக்கும் பொருந்தாது. ஆண் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் கழியாதிருத்தல், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், பின்னங்கால்கள் திடீரெனச் செயலிழத்தல், திடீர்க் குருடு, ஈறுகள் வெளிறியோ மஞ்சளாகவோ மாறுதல், ஒரு முழு நாள் உணவை அறவே மறுத்தல் ஆகியன காணப்பட்டால் அச்சத்தைப் பொருட்படுத்தாது உடனே மருத்துவமனையை அடைய வேண்டும். காரணமின்றி வெறித்துத் தாக்கும் பூனையை வெறிநோய் ஐயத்துடன் அணுகி, கையால் தொடாதிருத்தல் வேண்டும். கடியோ கீறலோ பட்டால், அந்த இடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடங்கள் கழுவி, தாமதமின்றி மருத்துவரிடம் தடுப்பூசி பெற வேண்டும்.

பணியாளரும் ஆசிரியரும்

விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்கும் 1960-ஆம் ஆண்டுச் சட்டம், விலங்கைத் தம் பொறுப்பில் வைத்திருப்போர் அதன் நலத்தைப் பேணவும், அதற்குத் தேவையற்ற வலி நேராமல் தடுக்கவும் கடமைப்பட்டவர் என்று கூறுகின்றது. அஞ்சும் பூனையை மருத்துவமின்றி விட்டுவிடுவதும், அதன் அச்சத்தை மதியாது முரட்டுத்தனமாக இழுத்துச் செல்வதும் இக்கடமைக்கு உகந்தன அல்ல. எல்லா முயற்சிக்கும் பின்னர் நோய் தீராது வலி மட்டுமே எஞ்சுமாயின், வலியற்ற முடிவைப் பற்றி மருத்துவருடன் கலந்து தீர்மானிப்பதும் பேணலின் பகுதியேயாகும்.

களப் பணியாளர் வீடுகளுக்குச் செல்லுங்கால் ஆடு மாடுகளைப் பற்றி விசாரிப்பதுடன், முதிய பூனையின் எடையையும் ஒரு முறை நிறுத்துக் காட்டலாம். ஆசிரியர்கள் உறங்கும் பூனையின் மூச்சை எண்ணுதல், குடித்த நீரை அளத்தல், எடையை வரைபடமாக்கல் ஆகியவற்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்முறைப் பாடமாக அளிக்கலாம். கணிதமும் உடலியலும் இதில் ஒருங்கே அமைந்துள்ளன. பேச இயலாத ஓர் உயிரின் நோயை அதன் வாயிலிருந்து கேட்டறிய முடியாது. நாள்தோறும் எழுதப்படும் ஒரு குறிப்பேட்டிலிருந்து அறிய முடியும்.