நாகேஷ்வர் ரெட்டி

நாகேஷ்வர் ரெட்டி ஐதராபாத்தைச் சேர்ந்த இரைப்பை, குடல் நோய் மருத்துவர், எண்டோஸ்கோபி ஆய்வாளர். 1956 இல் விசாகப்பட்டினத்தில் பிறந்தார். கர்நூலில் எம்.பி.பி.எஸ்., சென்னை மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவம், சண்டிகரில் குடலியல் பயின்றார். ஐதராபாத்தில் ஆசிய இரைப்பை குடலியல் நிறுவனத்தைத் தொடங்கினார்.

நம் ஊர்களில் 'வயிற்றுக்குள் டியூப் விட்டுப் பார்ப்பது' என்பார்களே, அதுதான் எண்டோஸ்கோபி. வளையும் குழாயின் நுனியில் விளக்கும் கேமராவும் இருக்கும். குழாயைச் செலுத்தும்போது இரைப்பைச் சுவரில் ஓட்டை விழக் கூடாது என்பதே மருத்துவரின் முதல் கவனம். ரெட்டியும் அறுவை மருத்துவர் ஜி. வி. ராவும் 2004 அளவில் அந்தச் சுவரை வேண்டுமென்றே துளைத்தார்கள். தீக்காயத்தால் வயிற்றுத் தோல் வெந்துபோன ஒருவருக்குக் குடல்வாலை அகற்ற வேண்டியிருந்தது. வெளியே கத்தி வைக்க வழியில்லை. எனவே வாய்வழியே குழாயைச் செலுத்தி, இரைப்பையைத் துளைத்து வயிற்றறைக்குள் சென்று, குடல்வாலை அறுத்து வாய்வழியாகவே வெளியே எடுத்தார்கள்.

வியப்பான செய்திதான், ஆனாலும் இம்முறை பரவலாகவில்லை. இரைப்பையில் இட்ட துளையை மூடுவது பெரும்பாடு. சரியாக மூடாவிட்டால் இரைப்பை நீர் கசிந்து வயிற்றறையில் சீழ் பிடிக்கும், உயிருக்கே ஆபத்து. குடல்வாலுக்கு லேப்ராஸ்கோபியே எளிது.

அந்த முயற்சிகளில் கற்றது வேறிடத்தில் பயன்பட்டது. விழுங்கிய உணவு இறங்காமல் தவிப்பவர்களின் நோய் அகலேசியா. ஜப்பானின் ஹருஹிரோ இனூவே 2008 இல் உணவுக்குழாயின் உள்சவ்வுக்கு அடியில் சுரங்கம்போல் சென்று, இறுகிய தசையை எண்டோஸ்கோபி வழியே வெட்டினார். சவ்வில் இட்ட துளை ஓரிடம், தசை வெட்டு வேறிடம் என்பதால் கசிவு அச்சம் குறைவு. இச்சிகிச்சை இன்று இந்தியாவிலும் நடைபெறுகிறது.

ரெட்டி 2002 இல் பத்மஸ்ரீ, 2016 இல் பத்ம பூஷண், 2025 இல் பத்ம விபூஷண் விருதுகளைப் பெற்றார்.