இடுப்பு எலும்பு ஸ்கான்: இயந்திரம் மாறினால் எண்ணும் மாறும்

68 வயதுப் பெண் ஒருவர் எலும்புத் தேய்வுக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசி போட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடங்களுக்கு முன்னர் எடுத்த டெக்ஸா ஸ்கானில் அவரது முழு இடுப்பின் எலும்பு அடர்த்தி சதுர சென்ரிமீற்றருக்கு 0.700 கிராம். இம்முறை வேறொரு வைத்தியசாலையில் எடுத்தபோது 0.745. ஆறு சதவீதத்துக்கும் அதிகமான உயர்வு. "எலும்பு தேறிவிட்டதுதானே, இனி ஊசி எதற்கு?" என்று வீட்டில் பேச்சு எழுகிறது.

இந்த முடிவு ஆபத்தானது. டெனோசுமாப்பை மாற்று மருந்தின்றி நிறுத்தினால் எலும்பு அடர்த்தி வேகமாகக் குறையும். முள்ளந்தண்டு எலும்புகள் முறியவும் கூடும். அதைவிட, அந்த 'உயர்வு' உண்மையானதா என்பதே கேள்வி.

முதல் ஸ்கான் ஹோலோஜிக் இயந்திரத்திலும் இரண்டாவது ஜீ.ஈ. லூனார் இயந்திரத்திலும் எடுக்கப்பட்டிருந்தால் விடயம் வேறு. இரண்டுமே இருவேறு சக்தி கொண்ட எக்ஸ்-கதிர்களைச் செலுத்தித்தான் அளக்கின்றன. ஆனால், அளவுதிருத்தம் செய்யும் முறையும் எலும்பின் விளிம்பை மென்பொருள் கணிக்கும் விதமும் வேறுபடுகின்றன. ஒரே ஆளை அளந்தாலும் லூனார் பொதுவாகக் கூடிய எண்ணையே காட்டும். 1990களில் வெளியான மாற்றுச் சமன்பாடுகளின்படி, லூனாரின் 0.745 என்பது ஹோலோஜிக்கில் ஏறத்தாழ 0.687. அதாவது உயர்வு அல்ல, இரண்டு சதவீத வீழ்ச்சி.

அப்படியானால் எலும்பு தேய்ந்துவிட்டதா? அதையும் சொல்ல முடியாது. இச்சமன்பாடுகள் பலரது சராசரிக்குப் பொருந்துபவை, தனி ஒருவருக்குத் துல்லியமானவை அல்ல. அத்துடன் ஒரே இயந்திரத்தில் மீண்டும் அளந்தாலும் சிறு வித்தியாசம் வரும். முழு இடுப்பில் இந்த வழு 1.8 சதவீதத்தையும் தொடை எலும்புக் கழுத்தில் 2.5 சதவீதத்தையும் தாண்டக்கூடாது என்கிறது எலும்பு அடர்த்தி அளவீட்டுக்கான சர்வதேச சங்கமான ஐ.எஸ்.சீ.டி. அதை 2.77ஆல் பெருக்கினால் வருவதே உண்மையான மாற்றத்துக்கான எல்லை: முழு இடுப்புக்கு 5 சதவீதம், கழுத்துக்கு 6.9 சதவீதம். அதற்குக் குறைந்த ஏற்ற இறக்கத்தை மாற்றம் எனக் கொள்ள முடியாது. தொடர் கண்காணிப்புக்கு முழு இடுப்பு அளவீடு கூடுதலாக நம்பத்தக்கது என்பதும் இதனால்தான்.

இந்த வழு இயந்திரத்தை மட்டும் பொறுத்ததல்ல. கால் உட்புறமாகச் சரியான அளவு திருப்பப்படாவிட்டால் எண் மாறும். மாதிரி எலும்பை வைத்துச் செய்யும் வழமையான சோதனை இயந்திரத்தின் பிசகைக் காட்டுமே தவிர, ஆளைப் படுக்க வைப்பதில் நேரும் பிழையைக் காட்டாது. அதனால் ஸ்கான் எடுப்பவர் 30 பேரை இரு தடவையோ 15 பேரை மூன்று தடவையோ, ஒவ்வொரு முறையும் எழுப்பி மீண்டும் படுக்க வைத்து அளந்து, தமது வழுவைக் கணிக்க வேண்டும்.

ஆகவே எந்த நிறுவனத்தின் இயந்திரம் சிறந்தது என்பதைவிட, முதலில் அளந்த அதே இயந்திரமா என்று கேட்பதே பயனுள்ளது. முடிந்தவரை அதே இடத்தில், அதே பக்க இடுப்பில் எடுங்கள். இடம் மாறினால் பழைய அறிக்கையைப் படங்களுடன் கொண்டுசெல்லுங்கள். இயந்திரத்தின் பெயர் அறிக்கையில் உள்ளதா எனப் பாருங்கள். அங்கு மாற்றத்துக்கான எல்லை எத்தனை சதவீதம் என்றும் கேளுங்கள். மருந்தை நிறுத்துவது பற்றிய பேச்சு அதற்குப் பிறகு, வைத்தியருடன் இருக்கட்டும்.