வண்டிக்கு முன் இரண்டு புத்தகங்கள்



மரச்சாமான் செய்து விற்கும் நேயர்கள் சிலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். "கடைக்குச் சொந்தமாக ஒரு பழைய வேன் வாங்கலாமா? வாங்கினால் எது நல்லது?" சென்ற வாரம் ஒலிபரப்பான என் உரையின் எழுத்து வடிவம் இது.

நான் மெக்கானிக் அல்ல. கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஆகவே எந்த இன்ஜின் சிறந்தது என்று சொல்ல வரவில்லை. வண்டியைப் பார்க்கப் போகும் முன் இரண்டு புத்தகங்களைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஒன்று உங்கள் கடையின் நடை நோட்டு. மற்றொன்று அந்த வண்டியின் ஓனர் புக்.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் தங்கை கணவர் திங்கான்ஜுனில் சிறிய தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் சீட்டுப் பணத்தோடு தங்கையின் வளையல்களை அடகு வைத்துச் சேர்த்த பணத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு வேன் பார்த்தார். "மச்சான், நீங்க கணக்குப் பார்த்துச் சொல்லுங்க" என்றார். சந்தை விலையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. நானும் "மலிவுதான், வாங்கலாம்" என்று சொல்லிவிட்டேன். இன்ஜினில் பொறித்த எண்ணையும் ஓனர் புக்கில் எழுதிய எண்ணையும் நாங்கள் ஒப்பிடவில்லை. லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோதுதான் இரண்டும் வேறு வேறு என்று தெரிந்தது. முன்பு யாரோ இன்ஜினை மாற்றிவிட்டுப் பதிவு செய்யாமல் விட்டிருக்கிறார்கள். புத்தகத்தில் இருந்த பெயரோ மூன்று கை முன்னே இருந்தவருடையது. அவர் வெளிநாடு போய்விட்டார். மழைக்காலம் முழுவதும் வேன் பட்டறை வாசலில் நின்றது. சாமான்கள் வாடகை வண்டியில் போயின. வளையல்கள் இரண்டாம் ஆண்டில்தான் வீடு திரும்பின. தங்கை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

முதல் புத்தகம்: நடை நோட்டு

வேன் வாங்க நினைப்பவர் முதலில் மூன்று மாதம் வாடகை வண்டியிலேயே சாமான் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் ஒரு வரி எழுத வேண்டும்: தேதி, எந்த டவுன்ஷிப், மிகப் பெரிய சாமானின் நீள அகல உயரம், எத்தனையாவது மாடி, கொடுத்த வாடகை, மழை உண்டா இல்லையா. இந்த நோட்டு இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லும்.

முதல் கேள்வி, சொந்த வண்டி வேண்டுமா என்பது. கணக்குப் போடும் முறையைக் காட்ட உருண்டையான எண்களை வைத்துக்கொள்வோம். உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். வாடகை ஒரு நடைக்கு 60,000 கியாட். சொந்த வண்டி என்றால் டிரைவர் சம்பளம் மாதம் 4,50,000; பழுதுக்கும் டயருக்கும் ஒதுக்குவது 2,00,000; லைசென்ஸ், வீல் டாக்ஸ், நிறுத்துமிடம் எல்லாம் சேர்த்து 75,000. வண்டி விலை 300 லட்சம் என்றால், ஐந்து ஆண்டில் வேறு வண்டி வாங்குவதற்காக மாதம் 5,00,000 ஒதுக்க வேண்டும். ஆக வண்டி ஓடினாலும் நின்றாலும் மாதம் 12,25,000 கியாட் செலவு. இதற்கு மேல் எரிபொருள் நடைக்கு 15,000.

மாதம் 25 நடை என்றால் வாடகைக்கு 15 லட்சம். சொந்த வண்டிக்கு 16 லட்சம். வாடகையே மேல். 40 நடை என்றால் வாடகைக்கு 24 லட்சம்; சொந்த வண்டிக்கு 18,25,000. அப்போது வேன் வாங்கலாம். இந்தக் கணக்கில் 28-வது நடையில்தான் தராசு சாய்கிறது. பலர் டிரைவர் சம்பளத்தையும் எரிபொருளையும் மட்டும் எழுதிவிட்டு, அடுத்த வண்டிக்கான ஒதுக்கீட்டை எழுதுவதில்லை. நீங்களே ஓட்டினாலும் உங்கள் சம்பளத்தை எழுதுங்கள். அந்த நேரத்தில் பட்டறையில் ஒரு நாற்காலி செய்திருப்பீர்கள்.

இரண்டாவது கேள்வி, எந்த அளவு வண்டி என்பது. காய்ந்த தேக்கு ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 18 கிலோ. ஏழு கன அடி மரம் பிடிக்கும் அலமாரி 125 கிலோவைத் தாண்டும். ஜப்பானின் சின்ன லாரிகள், அதாவது 660 சிசி சுஸுகி கேரி, டைஹாட்ஸு ஹைஜெட் போன்றவை, அந்நாட்டு விதிப்படி 350 கிலோ ஏற்ற மட்டுமே அனுமதி பெற்றவை. அவற்றின் தட்டு ஏறக்குறைய ஆறேகால் அடி நீளம், நாலரை அடி அகலம். இரண்டு அலமாரியோடு இரண்டு ஆட்களும் தட்டில் ஏறினால் எடை அளவைத் தாண்டிவிடும். நாற்காலி, மேசை, பிரித்துக் கட்டிய கட்டில் விற்பவருக்கு அது போதும். நம் எண்ணிட்ட குறுகிய தெருக்களில் இரு பக்கமும் கார் நிற்கும்போது சின்ன வண்டிதான் நுழையும். முழு அலமாரி அனுப்புகிறவர் டவுன் ஏஸ், பொங்கோ போன்ற அடுத்த அளவைப் பார்க்கட்டும். எதைப் பார்த்தாலும் டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். உள் அளவை மட்டுமல்ல, கதவு திறப்பின் அளவையும் எடுங்கள். உள்ளே ஆறடி இருந்து வாசல் நாலடி என்றால் அலமாரி தெருவில்தான் நிற்கும்.

யாங்கூனுக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. 1970 டிசம்பரில் நம் நாடு சாலையின் வலப்பக்கம் ஓட்டும் முறைக்கு மாறியது. ஆனால் இங்கே ஓடும் பழைய ஜப்பான் வண்டிகள் இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்காகச் செய்தவை. பல வேன்களில் நகரும் கதவு இடப்பக்கம் மட்டும் இருக்கும். ஜப்பானில் அது நடைபாதைப் பக்கம். இங்கே அது நடுச்சாலை. ஓடும் பஸ்களுக்கு நடுவே சோபாவை இறக்க முடியாது. ஆகவே பின்கதவு அகலமாக இருக்க வேண்டும், அல்லது இரு பக்கமும் கதவு வேண்டும். டிரைவரும் ஓரத்தில் உட்கார்ந்திருப்பதால் முந்திச் செல்லும்போது எதிரே வருவது தெரியாது. பக்கத்தில் ஒரு ஆள் எப்போதும் வேண்டும். அவர் கூலியையும் கணக்கில் சேருங்கள்.

மூடிய வேனா, திறந்த லாரியா? மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழை. நனைந்த பாலிஷ் வெளுத்துப்போகும். வாடிக்கையாளர் திருப்பி அனுப்புவார். திறந்த வண்டி என்றால் இரும்புச் சட்டமும் நல்ல தார்ப்பாயும் வண்டி விலையோடு சேர்ந்த செலவு.

இரண்டாம் புத்தகம்: ஓனர் புக்

நம் ஊரில் வண்டியின் விலையில் பெரும்பங்கு காகிதத்துக்கு. 2011-க்கு முன் இறக்குமதி அனுமதி கிடைப்பது அரிது. துருப்பிடித்த கார்கூட வீட்டு விலைக்கு விற்றது. அந்த ஆண்டு செப்டம்பரில் பழைய வண்டியை ஒப்படைத்து இறக்குமதி அனுமதி பெறும் திட்டம் வந்த பிறகுதான் விலை இறங்கியது. பின்னர் விதிகள் பலமுறை மாறின. 2021-க்குப் பின் கியாட் மதிப்பு விழ விழ, வண்டி மறுபடி தங்கம்போல் ஆகிவிட்டது. இரும்பு எப்படி இருந்தாலும், காகிதம் சரியில்லாத வண்டி உங்கள் சொத்தல்ல.

ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள். ஓனர் புக்கில் உள்ள பெயரும் விற்பவர் அடையாள அட்டையும் ஒன்றா? சட்டத்தில் பொறித்த எண், இன்ஜின் எண் இரண்டையும் டார்ச் அடித்து நீங்களே படியுங்கள். தரகர் படிக்கக் கேட்காதீர்கள். எண்ணைச் சுற்றி உரசிய தடம் உண்டா? நிறம், இருக்கை எண்ணிக்கை, வண்டி வகை புத்தகத்தில் உள்ளபடியா? பயணி வேனை இருக்கை கழற்றிச் சரக்கு வேனாக்கியிருந்தால் அதுவும் பதிவாகியிருக்க வேண்டும். லைசென்ஸ் எந்த மாதம் முடிகிறது? க-ஞ-ன என்று நாம் சொல்லும் சாலைப் போக்குவரத்து நிர்வாகத் துறையில் பெயர் மாற்றி முடித்த பிறகே கடைசித் தவணையைக் கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள். "பெயர் மாற்றம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், செலவு மிச்சம்" என்பார்கள். அந்த மிச்சம் அவருக்கு. அதன் தொல்லை உங்களுக்கு.

இரண்டு புத்தகமும் தேறினால் மட்டுமே மெக்கானிக்கை அழையுங்கள். தரகருக்குத் தெரிந்தவர் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தவருக்குக் கூலி கொடுத்து அழையுங்கள். காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். நீலப் புகை வந்தால் இன்ஜின் எண்ணெய் எரிகிறது. தரை விரிப்பைத் தூக்கித் துருவைப் பாருங்கள். ஜப்பானின் வடபகுதியில் பனி உருகச் சாலையில் உப்புத் தூவுவார்கள். அங்கே ஓடிய வண்டியின் அடிப்பகுதி அரித்திருக்கும். இங்கே வெள்ளத்தில் நின்ற வண்டியும் அப்படியே. கிலோமீட்டர் முள்ளை நம்பாதீர்கள். பெடல் ரப்பர் தேய்ந்திருப்பதைப் பாருங்கள். கடைசியாக, விற்பவர் சம்மதத்தோடு பாரம் ஏற்றி லேடான் மேம்பாலத்தில் ஒருமுறை ஏறி இறங்குங்கள். கிளட்சும் பிரேக்கும் அங்கே உண்மை பேசும்.

கணக்கன் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை. "போன வருஷம் வாங்கிய விலையைவிட இன்று வேனுக்கு அதிகம் கிடைக்கும், லாபம்தானே?" என்று ஒருவர் கேட்டார். அதை விற்றால் அதேபோன்ற வேன் வாங்க அந்தப் பணம் முழுவதும் போய்விடும். அது லாபமல்ல, கியாட்டின் தேய்மானம். அதை நம்பி மாத ஒதுக்கீட்டை நிறுத்திவிடாதீர்கள். கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டி விலையில் போட்டுவிடவும் வேண்டாம். ஐந்தில் ஒரு பங்காவது முதல் பழுதுக்கும் மரம் வாங்கவும் கையில் நிற்கட்டும்.

என் தங்கை கணவர் இப்போது வேறு வேன் வைத்திருக்கிறார். அதை வாங்கும் முன் நடை நோட்டு எழுதினார். மாதம் முப்பதைத் தாண்டிய பிறகே பார்க்கப் போனார். அன்று கீழே படுத்து எண்ணைப் படித்தது அவர். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தது என் தங்கை. நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த மாதம், சிறு கடைக்காரர்கள் கடன் கொடுத்த கணக்கை எப்படி எழுதுவது என்று பார்ப்போம்.