சுவரில் ஒட்டிய சங்கல்பம்

மார்கழிப் பனி விலகாத ஜனவரி முதல் தேதியன்று, எங்கள் பக்கத்து வீட்டுப் பிளஸ் டூ மாணவன், பழைய காலண்டர்த் தாளின் பின்புறத்தில் சிவப்பும் பச்சையுமாகக் கட்டங்கள் போட்டு, காலை 4 மணி முதல் இரவு 12 மணி வரை ஒரு நிமிஷமும் வீணாகாதபடி பாடங்களைப் பங்கிட்டு எழுதி, சோற்றுப் பசை தடவித் தன் படுக்கைக்கு நேரே சுவரில் ஒட்டிவைத்தான். பொங்கலன்று நான் போனபோது அந்தத் தாளின் ஒரு மூலை பெயர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது; 9-ஆம் தேதிக்கு மேல் எந்தக் கட்டத்திலும் அடையாளம் இல்லை; பையனின் கண்களோ குழிந்து சிவந்திருந்தன. “எனக்கு மனசுல உறுதியே இல்ல, மாமா” என்றான். குற்றம் அவன் உறுதியில் இல்லை, அந்த அட்டவணையில்தான் இருந்தது.

பதின்வயதினருக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர நித்திரை அவசியம் என்பது வைத்திய சாஸ்திரத்தின் முடிவு. பகலில் படித்தது ஞாபகத்தில் நிலைபெறுவதற்குத் தூக்கம் துணைசெய்கிறது. அதைப் பாதியாக வெட்டிவிட்டு உட்கார்ந்திருப்பவனுக்குப் படித்தது தங்குவதில்லை. தங்கவில்லையே என்ற பயம் பிறக்கிறது. அந்தப் பயத்தைப் போக்க இன்னும் ஒரு மணி நேரத் தூக்கத்தைக் குறைத்துக்கொள்கிறான். இத்தகைய பிரதிக்ஞையை விட, வாரம் ஒருமுறை பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்துக் கடிகாரத்தை எதிரே வைத்து 3 மணி நேரம் எழுதிப் பார்ப்பேன் என்ற சிறிய சங்கல்பம் எவ்வளவோ மேலானது. ஒரு வாரம் தவறினாலும் அடுத்த வாரம் தொடரலாம்.

உற்சாகமாக இரு, உற்சாகமாக இரு என்று பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்லுகிறோம். சிரித்த முகத்தையே எந்நேரமும் காட்டவேண்டும் என்று அவர்கள் இதற்குப் பொருள் கொண்டுவிட்டால், உள்ளே இருக்கும் கலக்கம் வெளியே தெரியாமலே வளரும். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சோகம், உணவில் வெறுப்பு, தூக்கமின்மை, நண்பர்களை விட்டு விலகுதல், “நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி” என்பது போன்ற பேச்சு ஆகியவற்றைப் பரீட்சைக் காலத்துச் சிடுசிடுப்பு என்று தள்ளிவிடலாகாது. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று பரிவோடு நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடும் என்பது வீண் பயம். ஆம் என்று பதில் வந்தால் பிள்ளையைத் தனியே விடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். 14416 என்ற எண்ணில் இயங்கும் ‘டெலி மானஸ்’ மனநல ஆலோசனைச் சேவையை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தமிழகத்தில் 104 என்ற எண்ணும் உண்டு.

இந்த உதவி தருமமாகக் கிடைப்பதன்று. பிரஜைக்குச் சட்டம் அளித்த உரிமை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் நிலையங்களில் மனநலச் சிகிச்சை பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் வழங்கியிருக்கிறது. 2025 ஜூலையில், விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி பெற்றுவந்த மாணவி ஒருத்தியின் மரணம் குறித்து அவள் தந்தை தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்கவேண்டும் என்றும், உதவி எண்களை வகுப்பறையிலும் விடுதியிலும் கண்ணில் படும்படி எழுதிவைக்கவேண்டும் என்றும், மதிப்பெண்ணைக் கொண்டு மாணவரைத் தனித்தனி வகுப்பாகப் பிரிப்பதையும் பிறர் முன்னிலையில் அவமானப்படுத்துவதையும் இயன்றவரை தவிர்க்கவேண்டும் என்றும் நெறிமுறை வகுத்தது. பயிற்சி மையங்களும் இதற்கு விலக்கல்ல. முதல் பெஞ்சுக்கு ஒரு வகுப்பும் கடைசி பெஞ்சுக்கு ஒரு வகுப்பும் நடத்துவதைக் கெட்டிக்காரத்தனமாக எண்ணிவந்த நாம் இதை வாசித்து வெட்கப்படவேண்டும். நெறிமுறையை மீறும் நிறுவனத்தின் மீது, திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் பெற்றோர் மனுக் கொடுக்கலாம். கொடுத்ததற்கு ரசீது வாங்கிப் பத்திரப்படுத்திக்கொள்ளவேண்டும்.

தேர்வு முடிவு நினைத்தபடி வராவிட்டாலும் வழி அடைபட்டுவிடுவதில்லை. பிளஸ் டூ விடைத்தாளின் நகலைப் பெற்று, மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கலாம். தவறிய பாடத்தை அதே ஆண்டுத் துணைத் தேர்வில் எழுதித் தேறி, அவ்வாண்டே கல்லூரியில் சேர்ந்தவர்கள் அநேகர். இந்த விவரங்களை மே மாதத்துக் கலவரத்தில் தேடாமல், ஜனவரியிலேயே பிள்ளைக்குச் சொல்லிவைப்பது பெற்றோரின் கடமை.

பொங்கல் கழிந்த மறுவாரம் பக்கத்து வீட்டுச் சுவரில் வேறொரு தாள் ஒட்டியிருந்தது. அதில் இரவு 10 மணிக்குக் கீழே கட்டமே இல்லை. ஒன்பதரை மணிக்கெல்லாம் அவன் தாயார் தொலைக்காட்சியை அணைத்துவிடுகிறாள்.