எண்ணெய் ஓடும் எலும்புக்கூடு

கல்லூரி மாணவர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார்: கடையில் வாங்கிய பைக்கில் சைலன்சரை மாற்றி ஸ்டிக்கர் ஒட்டினால் அது 'கஸ்டம் டர்ட் பைக்' ஆகிவிடாதா? ஆகாது. ஏன் என்று தெரிய, இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் உள்ள நியூ மில்டன் வரை போய்வர வேண்டும்.

அங்கே டெரெக், டான் என்று இரண்டு சகோதரர்கள். குடும்பப் பெயர் ரிக்மன். இருவரும் மோட்டோகிராஸ் பந்தயக்காரர்கள். ஒரு வண்டியில் இன்ஜின் பிடித்தால் அதன் ஃபோர்க் பிடிக்காது. ஆகவே 1959-இல் டிரயம்ஃப் இன்ஜின், பி.எஸ்.ஏ. கியர்பாக்ஸ், நார்ட்டன் ஃபோர்க் மூன்றையும் ஒன்றாகப் பூட்டினார்கள். வைத்த பெயர் மெட்டிஸ். பிரெஞ்சில் அது கலப்பினப் பெண்ணைக் குறிக்கும் சொல். சொந்த மொழியில் சொல்லியிருந்தால் இத்தனை மிடுக்காக இருந்திருக்காது.

சில ஆண்டுகளில் ஃபிரேமையும் அவர்களே செய்யத் தொடங்கினார்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

குழாய்கள் ரெனால்ட்ஸ் 531. மாங்கனீசு, மாலிப்டினம் கலந்த மெல்லிய எஃகு. ஜாகுவார் ஈ-டைப் காரின் முன்சட்டத்திலும் இதுதான். இத்தகைய குழாயைக் கண்டபடி காய்ச்சினால் வலு போய்விடும். எனவே எஃகை உருக்காமல், இணைப்பில் வெண்கலக் கம்பியை மட்டும் உருக்கி ஓடவிடுவார்கள். எஃகு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி வேண்டும். கம்பிக்கு 900 சொச்சம் போதும். இந்தப் பத்தியாளருக்குச் சிறுவயதில் தெருவுக்கு வந்த ஈயம் பூசுகிறவர்தான் நினைவுக்கு வருகிறார். கரியடுப்பில் பாத்திரம் காய, நவச்சாரத் தூளைத் தூவி, புகை அடங்குமுன் பஞ்சால் ஒரு சுழற்று. வெள்ளி நிறம் விளிம்புவரை ஓடும். சூடு கொஞ்சம் குறைந்தால் ஒட்டாது, கூடினால் கருகும். அவர் கையில் வெப்பமானி இருந்ததில்லை.

ரிக்மன் ஃபிரேமின் விசித்திரம் அதன் உள்ளே. இன்ஜின் எண்ணெய்க்கெனத் தனித் தொட்டி கிடையாது. ஃபிரேம் குழாய்களே தொட்டி. தொட்டியின் எடை மிச்சம். குழாயின் மேல் காற்றடிப்பதால் எண்ணெயும் ஆறும். எங்காவது விரிசல் விட்டால் எண்ணெய் கசிந்து தானே காட்டிக்கொடுத்துவிடும். மேலே பெயின்ட் இல்லை, மின்னும் நிக்கல் பூச்சு. தடித்த பெயின்ட் மறைக்கும் மயிரிழைக் கீறலை அது மறைக்காது. ஆபத்தும் உண்டு. பற்றவைக்கும்போது உள்ளே ஒட்டிய கசடு ஒரு துளி மிஞ்சினாலும் எண்ணெயோடு போய் பேரிங்கை அரித்துவிடும். வெளியே பளபளக்கும் வண்டியின் உயிர், கண்ணுக்குத் தெரியாத உள்சுவரைக் கழுவியதில் இருக்கிறது.

1971-இல் பி.எஸ்.ஏ.வும் டிரயம்ஃபும் தங்கள் பெரிய வண்டிகளில் எண்ணெயை ஃபிரேமுக்குள் கொண்டுவந்தன. சீட் உயரமாகி, பலருக்குக் கால் தரையில் எட்டவில்லை!

நம் ஊரிலோ 'கஸ்டம்' என்று சொல்லி ஃபிரேமின் வாலை கிரைண்டரால் அறுத்துவிட்டு, அதே மாலையில் படம் பிடித்துப் போடுகிறார்கள். அறுத்த இடத்தில் எத்தனை பாரம் இறங்குகிறது என்று கேட்பவர் குறைவு. லேத்தில் இம்மி பிசகினாலும் புஷ்ஷைத் தூக்கி எறியும் கிழவர்கள் நம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் தொழில் கற்கத்தான் பையன்கள் வருவதில்லை.

ரிக்மன் சகோதரர்களுக்கு இன்ஜின் விற்கப் பெரிய தொழிற்சாலைகள் மறுத்தன. அதனால் இன்ஜின் இல்லாமலே, உதிரியாகப் பெட்டியில் போட்டு விற்றார்கள். வாங்கியவர் தன் பழைய வண்டியிலிருந்து கழற்றிப் பொருத்திக்கொள்ள வேண்டியதுதான். 1966-இல் டான் பிரிட்டிஷ் கிராண்ட் பிரியையே வென்றார். பிறகு இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்ட் மூடும் நிலைக்கு வந்தபோது, போக்கிடம் இல்லாமல் நூற்றுக்கு மேற்பட்ட இன்டர்செப்டர் இன்ஜின்கள் நின்றன. அவற்றுக்கு ஃபிரேம் செய்துகொடுத்தது நியூ மில்டன் பட்டறை.